பெரியவர்கள் வகுப்பில் நான்காவது ஆள்

பிப்ரவரி 2

கிறிஸ்துவில் அன்பான தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நான் நலம் என்று எழுதினால் என் முழங்கால் கோபித்துக்கொள்ளும். மற்றபடி இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் உன் மூத்தவள்தான் போனில் பேசினாள். "அம்மா படிச்சாங்க பெரியம்மா" என்றாள். படித்தால் போதுமா? ஒரே வயிற்றில் பிறக்காவிட்டாலும் இருபது வருஷமாக அக்கா என்று கூப்பிட்ட வாய்க்கு, பேனாவைத் தொட மட்டும் அப்படி என்ன கசப்பு?

சரி, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கோவில் செய்தி சொல்கிறேன். புது ஃபாதருக்கு ஒரு யோசனை. இந்த வருஷம் முதல் மறைக்கல்வி பிள்ளைகளுக்கு மட்டும் இல்லையாம். மூன்று வயதிலிருந்து எண்பது வயது வரை எல்லாரும் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்க வேண்டுமாம். எல்லாருக்கும் ஒரே வாசகம், வயதுக்குத் தகுந்த வகுப்பு. "சாமியப் பத்திக் கத்துக்கறது எட்டாவதோட முடிஞ்சிடுதா டீச்சர்?" என்று கேட்டார். எனக்கும் அது பிடித்துத்தான் போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் தலையை ஆட்டினேன். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று மாத்திரை எண்ணுகிறவளை எல்லா வகுப்புக்கும் பொறுப்பாக்கிவிட்டார்.

முதல் ஞாயிறு அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். போன வாரம் இருபத்தெட்டு. இன்று இருபத்திரண்டு. வாலிபர் வகுப்பில் இரண்டு பேர், அவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்க வருகிறவர்கள். முதியோர் வகுப்பில் ஒன்பது பேர். அதில் மூன்று பேருக்குக் காது கேட்காது. பாடம் நடத்தும் பழைய கணக்கு வாத்தியாரையும் சேர்த்தால் நான்கு.

பெரியவர்கள் வகுப்பு என்னுடையது. ஞானஸ்நானம் வாங்க விரும்பி நான்கு பேர் வந்திருக்கிறார்கள். ஒரு கணவன் மனைவி. நம் கோவில் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிற ஒரு பெண். நான்காவது ஒரு ஆள், ஐம்பது வயது இருக்கும். கதவோரம் உட்காருகிறார். வாயைத் திறப்பதில்லை. நான் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதுகிறார், இருமினால் அதையும் எழுதுவார் போலிருக்கிறது.

உன் மழலையர் அறைதான் பூட்டிக் கிடக்கிறது. பத்தொன்பது வருஷம் நீ நடத்திய வகுப்பு. ஒரு இளம் தாயை விட்டுப் பார்த்தேன். இரண்டாவது வாரம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள், அவள் அழுதுகொண்டு வந்தாள்.

உன் சின்னவள் இறந்துபோய் வருகிற மே மாதத்தோடு மூன்று வருஷம். அந்த அறைக்குள் கால் வைக்க உன்னால் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன். வந்துவிடேன்.

உன்,
மருந்துக்கடை அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

பேனாவைத் தொட்டுவிட்டேன். கோபம் தீர்ந்ததா?

இங்கே தையல் கடையில் வேலை போய்க்கொண்டிருக்கிறது. புதிதாக எதுவும் தைப்பதில்லை. பேன்ட் கால் மடிப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது. உலகத்தில் தைக்கிற பேன்ட்டெல்லாம் இரண்டு அங்குலம் நீளமாகவே வருகிறது. அதனால் நான் பிழைக்கிறேன். மூத்தவளும் மாப்பிள்ளையும் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஏழாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஜன்னல்.

நான் கோவிலுக்குப் போவதில்லை அக்கா. தெருமுனையில் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது எதிர் நடைபாதைக்கு மாறிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிறேன். துவைக்கத் துணி இல்லாவிட்டால் துவைத்ததையே துவைக்கிறேன்.

போன வாரம் பேத்தி கதை கேட்டாள். நான்கு வயசு. வாய்க்கு வந்தது நோவா கதைதான். பழக்கம். பேழைக்குள் எல்லாரும் ஏறி, மழை நின்று, புறா திரும்பி வந்ததும் அவள் கேட்டாள், "மத்தவங்கல்லாம் எங்க பாட்டி?" பத்தொன்பது வருஷம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். எத்தனை பிள்ளைகள் இதைக் கேட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் வானவில்லைக் காட்டித் தாண்டிப் போயிருக்கிறேன். இந்தத் தடவை, "தெரியலடா கண்ணு" என்றேன். அவள் என் மடியில் படுத்துக்கொண்டாள். தெரியாது என்று சொன்னால் பிள்ளைகள் ஓடிப்போய்விட மாட்டார்கள் என்று இந்த வயதில் கற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு கடையில் மீந்த துணியில் மிருகங்கள் வெட்டினேன். இருபத்தாறு. பார்சலில் அனுப்புகிறேன். யானைக்கு ஒரு காது சிறிது, துணி போதவில்லை.

ஜூனில் ஒரு மாதம் வந்து பார்க்கிறேன். அறைக்குள் போவேனா என்று தெரியாது. வாசல் வரைக்கும் வருகிறேன். வாக்கு என்று எடுத்துக்கொள்ளாதே.

தங்கச்சி


மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

பார்சல் வந்தது. சின்னக் காது யானையைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். உன் கடிதத்தை ஃபாதரிடம் படித்துக் காட்டினேன். ஜூன் என்ற இடத்தில் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

இனி எழுதப்போவதை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உட்கார்ந்து படி.

பெரியவர்கள் வகுப்பில் நான்காவது ஆள் என்று எழுதினேன் அல்லவா, அது அந்த லாரி டிரைவர். சின்னவள் மேல் ஏற்றியவர்.

சத்தியமாக எனக்கு முதலில் தெரியாது. நீதிமன்றத்துக்கு நான் ஒரு நாள்தான் வந்தேன், அன்றும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஆளே பாதியாகிவிட்டார், தலை நரைத்துவிட்டது. இரண்டு வருஷத் தண்டனை முடிந்து வந்து செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். பத்துக் கட்டளைகள் பாடம் நடத்திய அன்று, மற்றவர்கள் போனபின் நாற்காலியை மடக்கிக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், நான் யாருன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?"

சொன்னார். கேட்டபோது என் கையில் சாக்பீஸ் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாமா என்று கேட்டார். வாங்க என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வேன்? அந்த வகுப்பு பின்னே யாருக்கு?

ஆனால் அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். நான்கு வாரம் ஒளித்துவிட்டேன். ஜூன் எட்டாம் தேதி ஞாயிறு நான்கு பேருக்கும் ஞானஸ்நானம் என்று ஃபாதர் குறித்திருக்கிறார். நீ வேண்டாம் என்றால் அவரிடம் பேசுகிறேன். வெட்கத்தோடு கேட்கிறேன், நான் என்ன செய்யட்டும்?

அக்கா


மார்ச் 30

அக்கா,

மூன்று வாரம் பதில் எழுத முடியவில்லை. மூத்தவளிடம் சொல்லவில்லை. ஒரு சட்டையின் கையைக் கால்சட்டையில் வைத்துத் தைத்துவிட்டேன். முதலாளியம்மா சிரித்தார், நானும் சிரித்தேன்.

அந்த ஆளுக்குக் கொடு, கொடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். அதை என் தலையில் வைக்காதே. நான் வேண்டாம் என்றால் பாவி, சரி என்றால் புனிதை. இரண்டுமாக இருக்க எனக்குத் தெம்பு இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று சின்னவள் வீட்டுக்குத் திரும்பிப் போனது பசை டப்பா எடுக்க. நான் மறந்து வைத்துவிட்டு வந்தேன். பிள்ளைகள் காகித மீன் ஒட்ட வேண்டும், பசை இல்லை. "ஸ்கூட்டர்ல அஞ்சு நிமிஷம்மா, பாட்டு முடியறதுக்குள்ள வந்துடறேன்" என்று போனாள். இருபத்தொரு வயதுப் பெண்ணை ஒரு பசை டப்பாவுக்காக அனுப்பினேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

நீதிமன்றத்தில் அவர் சொன்னது நினைவிருக்கிறதா? உடனே இறங்கி ஓடினேன், ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருந்தேன் என்றார். கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற ரோடு, ஞாயிறு காலை, வேறு ஒரு ஆள் கிடையாது. அப்படியானால் என் பிள்ளையைக் கடைசியாகப் பார்த்தது அவர்தான். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன். இந்த மூன்று வருஷமும் அதைத்தான் நினைக்கிறேன்.

நீ எனக்காக ஒன்று கேள். அவளுக்கு நினைவு இருந்ததா? ஏதாவது சொன்னாளா? கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுது. எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் சரி.

தங்கச்சி


ஏப்ரல் 14

என் அன்புத் தங்கச்சிக்கு,

கேட்டேன். நேற்று வகுப்பு முடிந்ததும் கேட்டேன்.

அவர் உடனே இறங்கி ஓடியிருக்கிறார். சின்னவள் கண் மூடியிருந்தாளாம். அவளுக்கு ஒரு வலியும் தெரிந்திருக்காது என்றார். எதுவும் பேசவில்லை. அவர் தன் சட்டையைக் கழற்றி மடித்து அவள் தலைக்குக் கீழே வைத்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அவ்வளவுதான் அம்மா. தூங்குகிற மாதிரி போயிருக்கிறாள்.

பசை டப்பா விஷயத்தை இனி நினைக்காதே. அது உன் குற்றம் இல்லை.

மழலையர் அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜூனில் நீ வா. மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் படுத்தவள் மறுநாள் காலையில்தான் எழுந்தேன். மூத்தவள் பயந்துபோய் இரண்டு முறை மூக்கில் கை வைத்துப் பார்த்தாளாம். மூன்று வருஷத்தில் நான் இப்படித் தூங்கியதில்லை. அன்றிலிருந்து தினமும் தூங்குகிறேன்.

மே முப்பத்தொன்றுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜூன் முதல் தேதி ஞாயிறு வகுப்புக்கு நேராக வந்துவிடுவேன். நீ மட்டும் கதவைத் திறந்து வை, முதலில் நான் தனியாக உள்ளே போகிறேன். பேத்தி கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். தெரியாததையும் சொல்லித் தரலாம் அல்லவா?

அவரிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை என் பெயரில் சொல்லிவிடாதே. அது என்னிடம் இல்லை, தேடிப் பார்த்தேன். ஆனால் அந்தச் சட்டையைப் பற்றி எனக்குத் தெரியும் என்று சொல். தலை தரையில் கிடக்கவில்லை என்று நான் தெரிந்துகொண்டேன், அதற்காக நன்றி என்று சொல். அது போதும்.

எட்டாம் தேதி ஞானஸ்நானத்துக்கு நான் இருப்பேனா என்று கேட்காதே. இருந்தால் கடைசி பெஞ்சில் இருப்பேன்.

தங்கச்சி


மே 27

அக்காவுக்கு,

நேற்று அவர் இங்கே வந்தார்.

ஃபாதரிடம் முகவரி வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார். கடை வாசலில் நின்று, துணி தைக்க வந்தவர்களெல்லாம் போகும்வரை காத்திருந்தார். எனக்கு முகம் தெரியவில்லை. பேன்ட் சுருக்கவா என்று கேட்டேன்.

"டீச்சர் ஒங்களுக்கு எழுதினது பொய்ங்க" என்றார். "நான் இறங்கவே இல்ல."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார். லாரியை நிறுத்திவிட்டு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கிறார். உள்ளிருந்தே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியிருக்கிறார். யாராவது வந்து அடிப்பார்கள் என்று பயம். யாரும் வரவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபிறகுதான் கீழே இறங்கியிருக்கிறார். பதினோரு நிமிஷம்.

அவளுக்கு நினைவு இருந்ததா என்று நானே கேட்டேன்.

"இருந்துச்சும்மா. 'அண்ணா, கொஞ்சம் இறங்கி வாங்கண்ணா'ன்னு கூப்பிட்டுச்சு. மூணு நாலு தடவ. அப்புறம் சத்தம் வரல."

என் பிள்ளை அவரை அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறாள். பஸ் கண்டக்டரைக்கூட அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். நான் சட்டைக்கு நன்றி சொன்னதாக நீ சொன்னபோது, எந்தச் சட்டை என்று கேட்டாராம். நீ திரும்பிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்தாயாம். அந்த நன்றியைச் சுமந்துகொண்டு ஞானஸ்நானத் தண்ணீருக்குள் இறங்க முடியாது என்று தோன்றி வந்திருக்கிறார். போகும்போது கும்பிட்டார். இனி வராதீர்கள் என்று சொன்னேன். அவரிடம் எனக்குச் சொல்ல இருந்தது அதுதான்.

உன்னிடம் சொல்ல இருப்பது வேறு. எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் எழுது என்று உன்னிடம் கேட்டேன். நீ அவளுக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டாய். ஐந்து வாரம் நான் அதை நம்பித் தூங்கினேன். இனி அந்தத் தூக்கத்தை நினைத்தாலும் கூசுகிறது. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, நான் தூங்கியது போல இருக்கிறது.

அவர் செய்தது பயத்தில் செய்தது. நீ செய்தது உட்கார்ந்து, யோசித்து, நல்ல கையெழுத்தில்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். எனக்கு எழுதாதே.


செப்டம்பர் 7

அன்புத் தங்கச்சிக்கு,

எழுதாதே என்றாய். இது ஐந்தாவது. முதல் நான்கிலும் உன் நன்மைக்காகத்தான் செய்தேன் என்று எழுதியிருந்தேன். அதுவும் பொய். அதைத் திருத்தத்தான் இது.

அன்று வகுப்பறையில் அவர் எல்லாவற்றையும் சொன்னார், உன்னிடம் சொன்னது போலவே. இதை உனக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். "பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க" என்று கேட்டார். சொல்லாமல் விடுவது பொய் இல்லை என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டையை எழுதினேன். எழுதும்போது உன் வேதனையை நினைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட ஜூன் மாதத்தை நினைத்தேன். உண்மை தெரிந்தால் நீ வர மாட்டாய். நீ வராவிட்டால் மழலையர் வகுப்பு இல்லை. பிள்ளைகள் வராவிட்டால் தாய் தகப்பன் வருவதில்லை. தலை எண்ணிக்கை இருபதுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஃபாதர் முகத்தில் விழிக்க வேண்டும். நான் பொறுப்பெடுத்த காரியம் என் கையில் சாகக் கூடாது என்று இருந்தது. உன் பிள்ளையின் கடைசி பதினோரு நிமிஷத்தை எடுத்து என் வகுப்புக்கு முட்டுக் கொடுத்தேன். இதுதான் நடந்தது.

இதை ஃபாதரிடமும் சொன்னேன். பாவசங்கீர்த்தனக் கூண்டில் ரகசியமாக இல்லை, ஆபீஸ் மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். "நீங்களா டீச்சர்" என்று மட்டும் கேட்டார். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்வார் என்று வாசல்படி வரை நினைத்தேன்.

ஜூன் எட்டாம் தேதி மூன்று பேருக்குத்தான் ஞானஸ்நானம் நடந்தது. நான்காவது ஆளுக்காக ஃபாதர் பத்து நிமிஷம் காத்திருந்தார். மறுவாரம் நான் செங்கல் சூளைக்குப் போய்ப் பார்த்தேன். கல் அடுக்கிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமலே சொன்னார். "அவங்க திட்டல டீச்சர். தண்ணி குடுத்தாங்க. அதுக்கு மேல எனக்கு எந்தத் தண்ணியும் வேணாம்." ஆடியில் அந்தச் சூளையையும் விட்டுவிட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வகுப்புகள் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டன. கடைசி ஞாயிறு வந்தவர்கள் ஆறு பேர், எல்லாரும் முதியோர். கணக்கு வாத்தியார் முழுப் பாடத்தையும் நடத்திவிட்டுத்தான் நிறுத்தினாராம். அறைகளைக் கணினிப் பயிற்சிக்கு விடப் பேச்சு நடக்கிறது.

நான் பூசைக்குப் போகிறேன். சீக்கிரம் போய்விட்டு, யாரும் பேச வருவதற்குள் வந்துவிடுகிறேன். வகுப்பு நேரத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். சரியாக ஒரு மணி நேரம் ஆகிறது.

மன்னிப்பு கேட்கவில்லை. அந்த வார்த்தை உன்னிடம் இல்லை என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறாய், தேடிப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறாய். எனக்காக இன்னொரு முறை தேட வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ வீடு மாறினால் மூத்தவளிடம் சொல்லி எனக்குத் தெரிவிக்க வேண்டாம். நீ அங்கேதான் இருக்கிறாய் என்று நினைத்து நான் இதே முகவரிக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா